ஜமக்காளத்தின் கதை

திருவண்ணாமலையை வலம் வரும் வழி 14 கிலோமீட்டர் நீளமுடையது. கிழக்கே பெரிய கோயிலில் புறப்பட்டவர்கள் தெற்கு வழியாக நடந்து, மலையின் மேற்குப் புறத்தை அடையும்போது அடி அண்ணாமலை என்னும் எங்கள் ஊர் வருகிறது. ஆதி அண்ணாமலையார் கோயில் கொண்டிருப்பது இங்கேதான். பௌர்ணமி இரவுகளில், பாதி வழியைக் கடந்து களைத்த கால்கள் இவ்வூரில் சற்றே ஓய்வு கொள்ளும். மூட்டையைப் பிரித்து ஒரு ஜமக்காளத்தை விரிப்பார்கள். பாட்டி அமர்வாள், பேரன் படுப்பான், புளிச்சோற்றுப் பொட்டலம் அதன்மேல் பிரியும். கால் மணி நேரம் கழிந்ததும் ஜமக்காளம் மடிக்கப்பட்டு மறுபடியும் மூட்டைக்குள் போய்விடும்.

திருமண வீட்டிலும், பள்ளி ஆண்டு விழாவிலும், பஜனை மடத்திலும் அந்த விரிப்பின்மேல் எத்தனையோ முறை நானும் அமர்ந்திருக்கிறேன். ஆனால் அதனை ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை. பார்க்கும்படி செய்தவர் ஒரு முதியவர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரைப் பௌர்ணமியன்று அவர் எங்கள் ஊர்ப் படிப்பகத் திண்ணைக்குக் களைப்பாற வந்தார். ஊர் எது என்று கேட்டேன். பவானி என்றார். எனக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று. படிப்பகத்திற்கென்று நான் புதிதாக வாங்கி வைத்திருந்த ஜமக்காளத்தை எடுத்து விரித்து, “உங்கள் ஊர்ச் சரக்குதான், ஐயா, அமருங்கள்” என்றேன். அவர் உடனே அமரவில்லை. குனிந்து அதன் ஓரத்தை விரல்களால் தடவினார், ஒரு மூலையைத் திருப்பிப் பார்த்தார், பிறகு மெல்லச் சிரித்து, “பேரு எங்க ஊர்ப் பேருங்க, வாத்தியாரய்யா. நெஞ்சது எங்க ஊர்த் தறி இல்லீங்க” என்றார்.

நான் திகைத்தேன். அவர் அருகே அழைத்துக் காட்டினார். சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கிடந்த பட்டைகள், அச்சில் வார்த்தவை போல ஒரே அளவாக இருந்தன. “ஆள் நெஞ்சா இழை ரெண்டு கூடும், ரெண்டு குறையுமுங்க. இது விசைத்தறி” என்றார். ஐம்பது ஆண்டுகள் தறிக்குழியில் கால் வைத்து உழைத்தவர் அவர். அவர் விரலை ஏமாற்ற முடியவில்லை; என் கண்ணை ஏமாற்ற முடிந்தது.

அவர் விடைபெற்றுச் சென்ற பிறகு ஒரு வினா என்னை விடாமல் பற்றிக்கொண்டது. ஒரு விரிப்பை ஓர் ஊருக்கு உரியதாக்குவது எது? நூலா, நிறமா, வடிவமா, அதன் பெயரா? விடை தேடிப் பவானிக்குச் சென்றேன்; நூல்களையும் தேடிப் படித்தேன். அத்தேட்டம் என்னைக் காவிரிக் கரையில் தொடங்கி அமெரிக்கப் பாலைவனம் வரையில் கொண்டுசென்றது. அந்தக் கதையையே இன்று மாணவர்களாகிய உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

தமிழகத்தில் தறி மிகப் பழமையானது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் தறியிறை என்னும் வரி பேசப்படுகிறது. தறி ஒன்றுக்கு இவ்வளவு என்று அரசு வரி பெற்றதென்றால், நெசவு நாட்டின் பெருந்தொழில்களில் ஒன்றாக இருந்தது என்பது தெளிவு. ஆனால் அத்தறிகளில் விளைந்தது பெரும்பாலும் உடுக்கும் துணியே. தரையில் விரிப்பதற்குக் கோரைப் பாய் இருந்தது. குளிருக்குப் போர்த்தவும் வேண்டியபோது விரிக்கவும் இடையர் நெய்த கம்பளி இருந்தது.

அந்தக் கம்பளிக்கும் எங்கள் வட்டாரத்திற்கும் உறவு உண்டு. திருச்சிக் கருங்குறும்பை என்று ஓர் ஆட்டினம் இருக்கிறது. உடல் முழுவதும் கரிய மயிர் உடையது. பெரம்பலூர், கள்ளக்குறிச்சி, தருமபுரிப் பகுதிகளோடு திருவண்ணாமலைப் பகுதியும் அவ்வாட்டின் தாயகமாகக் கணக்கிடப்பட்டுள்ளது. குறும்பர் என்னும் ஆயர்குலத்தார் அதன் மயிரைக் கத்தரித்து, கையால் நூற்று, புளியங்கொட்டைப் பசையிட்டுக் கம்பளி நெய்தனர். அதில் சாயம் இல்லை, பூ இல்லை, ஆட்டின் நிறமே கம்பளியின் நிறம். மழையையும் பனியையும் தாங்குவதே அதன் அழகு. இந்தக் கரிய கம்பளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் மற்றொரு நாட்டில் இதன் உறவினரைச் சந்திக்கப்போகிறோம்.

இனிப் பவானிக்குச் செல்வோம். ஈரோட்டுக்கு அருகே, பவானியாறு காவிரியோடு கலக்கும் இடத்தில் அமைந்த ஊர் அது. சங்கமேசுவரர் கோயில் அக்கூடுதுறையில் நிற்கிறது. ஆற்றில் நீராடிவிட்டுத் தெருக்களுக்குள் நுழைந்தால் தறியோசை காதில் விழும். அந்த ஓசை சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் சேலைத் தறியின் ஓசையாக இருந்தது. பவானி நெசவாளர் முந்திச் சேலைகளையும் பிற துணிகளையும் நெய்து வாழ்ந்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலைத் துணி நம் நாட்டுச் சந்தைகளில் வந்து குவிந்தது. கைத்தறி நெசவாளன் பல நாள் இருந்து நெய்த துணியை, நீராவி ஆலை குறைந்த விலைக்குக் கொடுத்தது. எத்தனையோ ஊர்களில் தறிகள் நின்றன. நெசவாளர் சிலர் ஏர் பிடித்தனர். சிலர் கப்பலேறித் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றனர். பவானியார் வேறொரு வழி கண்டனர். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வூரில் ஜங்கமர் என்னும் நெசவாளர் வகுப்பார், பருத்த வண்ணநூலைக் கொண்டு போர்வையும் விரிப்புமாகப் பயன்படும் ஒரு புதிய துணியை நெய்தனர். அதுவே ஜமக்காளம். மக்கள் அதனை விரும்பி வாங்கினர். வாங்க வாங்கச் சேலைத் தறிகள் ஜமக்காளத் தறிகளாக மாறின.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சீமை ஆலைகள் மெல்லிய துணியில் வல்லவை. அவை மனிதனின் உடம்பைக் கைப்பற்றிக்கொண்டன. அவற்றின் கை எட்டாத இடம் ஒன்று எஞ்சியது; அது தரை. தரைக்கு வேண்டியது முரட்டு நூல், கனத்த நெசவு. உடையை இழந்த நெசவாளன் விரிப்பிலே உயிர்பிழைத்தான் எனலாம்.

ஜமக்காளம் என்ற பெயரே வடக்கிலிருந்து வந்தது. கன்னட நாட்டிலும் மராட்டியத்திலும் ஜமகானா என்பர். கருநாடகத்தில் நவல்குந்து என்னும் ஊரில் இன்றும் ஜமகானா நெய்கிறார்கள். அங்கே நெசவு முழுவதும் முஸ்லிம் பெண்கள் கையில் இருக்கிறது. அவர்களுடைய முன்னோர் அடில்ஷாஹி சுல்தான்கள் காலத்தில் பீஜப்பூரில் இருந்தவர்கள் என்பது மரபு. மயிலும் சொக்கட்டான் பலகையும் அவர்கள் விரிப்பின் நடுவே அழகு செய்யும். தொழில் நுட்பம் வேற்று வீட்டுக்குப் போய்விடுமோ என்று அஞ்சி, மகளுக்குக் கற்பிக்காமல் மருமகளுக்கே கற்பித்து வந்தார்கள் என்றும் சொல்வார்கள்.

பவானி ஜமக்காளத்திலோ மயில் இல்லை, பட்டைகளே இருந்தன. ஏன்? இதற்கு விடை தறிக்குள் இருக்கிறது. நெசவில் நீளவாட்டில் நிற்பது பாவு. குறுக்கே பாய்வது ஊடை. வேட்டியில் இரண்டும் ஒத்துத் தெரியும். ஜமக்காளத்தில் பருத்த ஊடை நெருக்கி அடிக்கப்பட்டுப் பாவினை மூடிவிடும். ஆகவே ஊடையின் நிறமே விரிப்பின் நிறம். நெசவாளர் குழியில் கால் வைத்து மிதியை மிதிக்கிறார். நாடா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பாய்கிறது. விரிப்பு மிக அகலமானதாயின் இருவர் அருகருகே அமர்ந்து நெய்வர். நாடாவை மாற்றினால் நிறம் மாறும். நிறம் மாறினால் பட்டை பிறக்கும். இடையிலே ஓர் உருவம் வேண்டுமென்றால், ஊடையைப் பாதி வழியில் நிறுத்தி வேறு நிறம் கோக்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். ஆலையோடு போட்டியிட்டவனுக்கு நாள் ஏது? எனவே விரைவாக நெய்யக்கூடிய பட்டையை அவன் தேர்ந்தான். ஆனால் எந்த நிறத்தின் அருகே எந்த நிறம், அகலப் பட்டையை அடுத்துக் குறும்பட்டை எத்தனை என்பவற்றில் தன் கலையையெல்லாம் வைத்தான்.

பிற்காலத்தில் செயற்கைப் பட்டுநூல் வந்தது. அது மெல்லியது, ஆகையால் கரையிலே பூவும் உருவும் அமைக்க இடம் கொடுத்தது. இவ்வாறு பருத்தி ஜமக்காளம், பட்டு ஜமக்காளம் என இரு கிளைகள் தோன்றின. நூல் மாறியபோது வடிவமும் மாறியது. ஒரு கலையின் வமிசாவளி இவ்வாறே வளர்கிறது.

பவானியில் இது நிகழ்ந்த அதே காலத்தில், பூமியின் மறுபுறத்தில், நம்மவரைக் கேள்விப்பட்டும் இராத ஒரு மக்கள் கூட்டம் இதே சோதனைக்கு உள்ளாகி, இதே வழியைக் கண்டது. அவர்கள்தாம் அமெரிக்காவின் பழங்குடிகளான நவாஹோ மக்கள். தம்மைத் தினே என்று அவர்கள் சொல்லிக்கொள்வர். இன்றைய அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மாநிலங்கள் கூடும் வறண்ட மேட்டுநிலம் அவர்கள் நாடு. செம்பாறையும் மணலும் விரிந்த அந்த நாட்டில் ஆடே செல்வம். ஸ்பானியர் கொண்டுவந்த சுரோ என்னும் ஆட்டை அவர்கள் தமதாக்கிக்கொண்டனர். நம் கருங்குறும்பைக்கு அது தூரத்து உறவு போலும்! கரிய மயிர், வெள்ளை மயிர், பழுப்பு மயிர் என்று பல நிறம் தரும் ஆடு அது.

நெசவை அவர்கள் பதினேழாம் நூற்றாண்டில் அண்டை வாழ்ந்த பியூப்லோ மக்களிடம் கற்றனர் என்பது அறிஞர் கருத்து. ஆனால் அவர்களுடைய புராணம் வேறு கூறுகிறது. சிலந்தி மாது என்னும் தெய்வம் நெசவைக் கற்பித்தாளாம். அவளுடைய கணவன் சமைத்த தறியில், வானமும் பூமியும் கட்டைகளும் கயிறுகளுமாயின. கதிரொளியும் மின்னலும் மற்றக் கருவிகளாயின. சிலந்தியைக் கண்டு நெசவு கற்றதாக எண்ணிய அவர்கள் நுண்ணறிவை மெச்சாமல் இருக்க முடியுமா?

பியூப்லோ மக்களிடையே நெய்தவர் ஆடவர். நவாஹோக்களிடையே நெய்பவர் பெரும்பாலும் பெண்டிர். தறி நம் குழித்தறி போலப் படுத்ததன்று, நிமிர்ந்து நிற்பது. அதன்முன் அமர்ந்த பெண் கீழிருந்து மேலாக நெய்துகொண்டே போவாள். அவளுக்கு முன் வரைந்த தாள் கிடையாது. முழு வடிவமும் அவள் மனத்தில் இருக்கும். ஊடை பாவை மூடும் முறையே அங்கும். ஆனால் அவள் ஊடையைக் கோடிக்குக் கோடி ஓட்டுவதில்லை. வேண்டிய இடத்தில் நிறுத்தி, அடுத்த நிறத்தோடு கோத்து, திரும்பிவிடுவாள். நம் காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் உடலின் நிறத்தையும் கரையின் நிறத்தையும் கோர்வையாக இணைக்கிறார்களே, அதற்கு நெருங்கிய நுட்பம் இது. இதனால் எந்த உருவமும் அவள் கைக்கு இயலும்.

எனினும் அவர்களும் பட்டையிலிருந்தே தொடங்கினர் என்பதைக் கவனியுங்கள். தலைவர் போர்வை என்று பெயர் பெற்ற பழைய போர்வையில் வெள்ளை, பழுப்பு, நீலப் பட்டைகளே இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அப்பட்டைகளின்மேல் சிறு செங்கட்டங்கள் அமர்ந்தன. அடுத்து அக்கட்டங்கள் சாய்சதுரங்களாக விரிந்தன. பாட்டி பட்டை நெய்தாள். தாய் கட்டம் நெய்தாள். மகள் சாய்சதுரம் நெய்தாள். ஆனால் பாட்டியின் பட்டை மகளின் போர்வையில் அடித்தளமாகக் கிடந்தது. மரபு என்பது இதுதான்.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது? அவர்கள் நாட்டில் நல்ல செஞ்சாயம் இல்லை. ஐரோப்பாவில் நெய்து ஸ்பானியர் வழியாக வந்த சிவப்புக் கம்பளித் துணியை விலைக்கு வாங்கி, இழை இழையாகப் பிரித்து, அந்நூலை மறுபடியும் தம் தறியில் நெய்தனர். பழைய செந்துணிகளில் அரக்குச் சாயம் இருந்ததை ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். அரக்கோ நம் நாடும் கீழை நாடுகளும் தந்த பொருள். கீழைக் காட்டில் விளைந்த செந்நிறம் ஐரோப்பியத் தறி ஏறி, அமெரிக்கப் பாலைவனத்துப் பெண்ணின் போர்வையில் போய்ச் சேர்ந்தது! பிறர் நூலைப் பிரித்துத் தம் வடிவமாக்கும் திறமை உள்ளவர்களை யாரே வெல்ல வல்லார்?

ஆனால் பெருந்துன்பம் ஒன்று வந்தது. 1863-இலும் 1864-இலும் கிட் கார்சன் என்பவரின் தலைமையில் அமெரிக்கப் படைகள் அவர்கள் வயல்களை எரித்தன, பழத்தோட்டங்களை வெட்டின, ஆடுகளைக் கொன்றன. 8,000-க்கும் மேற்பட்ட மக்கள் நூற்றுக்கணக்கான மைல் தூரம் நடத்திச் செல்லப்பட்டு, பாஸ்கே ரெடோண்டோ என்னும் இடத்தில் சிறைவைக்கப்பட்டனர். பசியிலும் நோயிலும் பலர் மாண்டனர். நெடுநடை என்று அவர்கள் இன்றும் கண்ணீரோடு நினைவுகூரும் துயரம் இது. 1868-இல் உடன்படிக்கை ஏற்பட்டு அவர்கள் தாய்நிலம் திரும்பினர். மீண்டும் வாழ்வு தொடங்க அரசு 15,000 செம்மறிகளும் வெள்ளாடுகளும் கொடுக்க ஒப்புக்கொண்டது.

திரும்பி வந்தவர்களின் தறியைத் தேடிக்கொண்டு வணிகர் வந்தனர். 1880-களின் தொடக்கத்தில் இரயிலும் வந்தது. இரயிலோடு ஆலைப் போர்வையும் வந்தது. பவானியில் சீமைத் துணி செய்ததை அங்கே ஆலைப் போர்வை செய்தது. தாம் நெய்த போர்வையை நவாஹோக்களே போர்த்துவது குறைந்தது. அப்பொழுது வணிகர்கள், “கனமாக நெய்யுங்கள், கிழக்கு நகரத்தார் தரையில் விரிக்க வாங்குவார்கள்” என்றனர். 1890-களில் போர்வை விரிப்பாயிற்று. பவானிச் சேலைக்கு நேர்ந்ததே நவாஹோப் போர்வைக்கும் நேர்ந்தது. ஆலை உடம்பைப் பிடித்தது. கை தரையை நாடியது.

வணிகர் வாங்கினார்கள், வழியும் காட்டினார்கள். 1878-இல் கனாடோ என்னும் இடத்தில் கடை வைத்த லொரென்சோ ஹபெல், தமக்குப் பிடித்த பழைய வடிவங்களைச் சிறு ஓவியங்களாக எழுதச் செய்து சுவரில் மாட்டிவைத்தார். நெய்யும் பெண்கள் அவற்றைப் பார்த்து நெய்தனர். கனாடோச் சிவப்பு என்று ஒரு மரபே அதனால் நிலைத்தது. கிரிஸ்டல் என்னும் ஊரில் கடை வைத்திருந்த மூர் என்பவர் 1903-இலும் 1911-இலும் விலைப்பட்டியல் நூல்கள் அச்சிட்டார். கீழ்த்திசைக் கம்பளங்களின் கரையமைப்பு அவர் வழியாக நவாஹோ விரிப்பில் புகுந்தது. அருகிலிருந்த டூ கிரே ஹில்ஸ் என்னும் சிற்றூரின் பெண்கள் அந்தக் கரையை ஏற்றனர். ஆனால் வணிகர் விற்ற சாயத்தைப் பெரிதும் விலக்கி, ஆட்டின் இயற்கை நிறங்களாகிய வெள்ளை, பழுப்பு, கருமை ஆகியவற்றையே கலந்து நெய்தனர். அவ்வூர் மரபில் தலைசிறந்தவர் டெய்சி டாகல்சீ என்னும் அம்மையார். பட்டுப்போல் நுண்ணிய அவர் நெசவு, 2004-இல் அமெரிக்க அஞ்சல் தலையில் இடம்பெற்றது.

இங்கே மாணவர்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டும். தறியைப் பியூப்லோவிடமும், ஆட்டை ஸ்பானியரிடமும், செந்நூலை ஐரோப்பாவிடமும், கரையைக் கீழ்த்திசையிடமும் பெற்ற ஒரு கலையை நவாஹோக் கலை என்று எப்படிச் சொல்வது? பெயரை வடக்கிலிருந்தும், பட்டுநூலை ஆலையிலிருந்தும் பெற்ற ஒரு விரிப்பைப் பவானி ஜமக்காளம் என்று எப்படிச் சொல்வது? என் படிப்பகத்து வினாவும் இதுவே.

விடை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பொருள் எங்கிருந்தும் வரலாம்; வடிவமும் வரலாம். வந்ததில் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று தீர்மானிக்கும் கை எங்கே இருக்கிறதோ, அந்த ஊருக்கே கலை உரியது. மூரின் கரையைக் கொண்டு சாயத்தைத் தள்ளினாளே, அந்தப் பெண்ணின் தீர்ப்பில் இருக்கிறது நவாஹோக் கலை. உருவத்தைத் தள்ளிப் பட்டையைக் கொண்டானே, அந்த நெசவாளனின் தீர்ப்பில் இருக்கிறது பவானிக் கலை. அந்தக் கையின் தீர்ப்பு பாட்டியிடமிருந்து பேத்திக்கும், தகப்பனிடமிருந்து மகனுக்கும் செல்லும் வரையில் மரபு உயிரோடிருக்கும்.

விசைத்தறிக்கு இந்தத் தீர்ப்பு கிடையாது. அது முடிந்த வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. பெயரையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. ஆலை முதலில் உடம்பைப் பிடித்தது என்றேன். இப்பொழுது தரையையும் பிடிக்க வந்துவிட்டது. பிற இடங்களில் விசைத்தறியில் நெய்த விரிப்புகள் பவானிப் பெயரோடு கடைகளில் தொங்குகின்றன. என் படிப்பகத்து ஜமக்காளம் அவற்றுள் ஒன்று. நவாஹோக்களுக்கும் இதே தொல்லை. பிற நாடுகளில் மலிவாக நெய்த விரிப்புகள் அவர்கள் வடிவத்தைத் தாங்கி வருகின்றன.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. 1985-இல் நம் நாடாளுமன்றம் இயற்றிய கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி, சில துணி வகைகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும். முதலில் 22 வகைகள் இருந்த அந்தப் பட்டியல் 1996-இல் 11 ஆகக் குறைந்தது. குறைந்த பட்டியலிலும் ஜமக்காளம் இருக்கிறது. பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. அமெரிக்காவில் 1990-இல் ஒரு சட்டம், பழங்குடியினர் செய்யாத பொருளைப் பழங்குடிப் பொருள் என்று விற்பதைக் குற்றமாக்கியது. 2012-இல் நவாஹோ மக்கள் தம் பெயரைச் சரக்குகளுக்கு இட்ட ஒரு பெரிய ஆடை நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தனர். 2016-இல் அது சமரசத்தில் முடிந்தது. ஆனால் சட்டம் பெயரைக் காக்கலாம். கையைக் காக்க அது மட்டும் போதாது. கை பிழைக்க வேண்டுமானால் கூலி வேண்டும். வாங்குவோருக்கு வேறுபாடு தெரிய வேண்டும்.

பவானியில் அந்த முதியவரின் வீட்டைத் தேடிக் கண்டேன். தறி ஓடிக்கொண்டிருந்தது, அவர் மனைவி துணைக்கு அமர்ந்திருந்தார். பிள்ளைகள் எங்கே என்றேன். ஒருவர் திருப்பூரில் பின்னலாடை ஆலையில், மற்றவர் வண்டி ஓட்டுகிறார் என்றார். “அவுங்க தறியில உக்கார மாட்டாங்களா?” என்ற என் கேள்விக்கு, “உக்காரச் சொல்ல எனக்கு வாய் வரலீங்க. ஒரு நாள் கூலி ஒரு நாள் சோத்துக்குப் பத்தணுமில்லீங்களா?” என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. தறிக்குழியின் விளிம்பு அவர் தொடை பட்டுத் தேய்ந்து மழமழவென்று இருந்தது. அந்தக் குழியில் அடுத்து இறங்கப்போகும் கால் எது?

நம்பிக்கை கொள்ளவும் காரணம் உண்டு. 1930-களில் நில அரிப்பைத் தடுக்கவென்று அமெரிக்க அரசு நவாஹோக்களின் ஆடுகளைப் பெருமளவில் அழித்தது. சுரோ இனமே அருகிப்போயிற்று. 1977-இல் யூட்டாவில் ஒரு பல்கலைக்கழகத்தார் எஞ்சிய ஆடுகளைத் தேடிச் சேர்த்துப் பெருக்கத் தொடங்கினர். இன்று அவ்வாட்டின் மயிர் மறுபடியும் நவாஹோத் தறிகளில் ஏறுகிறது. நம் பக்கத்திலும் ஒரு செய்தி: 2025-இல் இலண்டனில் நடந்த ஆடை அணிவிழாவில், தமிழ்நாட்டைச் சேர்ந்த வடிவமைப்பாளர் வினோ சுப்ரஜா, பவானி ஜமக்காளத்தை உடைகளிலும் பைகளிலும் அமைத்து மேடையேற்றினார், பவானி நெசவாளர் ஒருவரும் அம்மேடையில் நடந்தார். எந்த நாட்டுத் துணி பவானியாரை உடையிலிருந்து தரைக்குத் தள்ளியதோ, அந்த நாட்டிலேயே தரை விரிப்பு மீண்டும் உடையாக எழுந்து நின்றது. ஒரு விழாவினால் ஊரின் வறுமை தீர்ந்துவிடாது. ஆனால் எடுத்த வழியிலேயே நில்லாமல் புதுவழி காணும் அறிவு அத்தறிகளில் இன்னும் இருக்கிறது என்பதை அது காட்டியது.

பவானியிலிருந்து திரும்பும்போது அந்த முதியவர் நெய்த ஜமக்காளம் ஒன்றை வாங்கி வந்தேன். எங்கள் படிப்பகத்தில் இப்பொழுது இரண்டு விரிப்புகளும் இருக்கின்றன. பிள்ளைகள் வந்தால் இரண்டையும் விரித்து, எது கை நெய்தது என்று கண்டுபிடிக்கச் சொல்கிறேன். முதலில் விழிப்பார்கள். பிறகு பட்டையை விரலால் அளப்பார்கள், மூலையைத் திருப்புவார்கள், இழை இரண்டு கூடிய இடம் அகப்பட்டதும் முகம் மலர்வார்கள். நான் ஐம்பது வயதுக்கு மேல் கற்றதை அவர்கள் பத்து வயதில் கற்கிறார்கள்.

அடுத்த முறை ஒரு ஜமக்காளத்தின்மேல் அமரும்போது நீங்களும் அதன் மூலையைச் சற்றே திருப்பிப் பாருங்கள். வாங்கும் முறை வந்தால், எந்த ஊர்த் தறி என்று கடைக்காரரைக் கேளுங்கள். கேட்பவர் பெருகினால் அந்தக் கேள்வி கடையைக் கடந்து, சந்தையைக் கடந்து, காவிரிக் கரையில் ஒரு தறிக்குழி வரையில் போய்ச் சேரும். அங்கே ஓர் இளைஞன் தன் தகப்பனார் இருந்த இடத்தில் கால் இறக்கி அமரலாமா என்று எண்ணிப் பார்ப்பான்.